பெயிண்ட் போகாமல்

'அ' மட்டும் வர மாட்டேன் என்றது.

அவன் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து எழுத்தின் மேல் ஒற்றினான். சூட்டில் பசை இளக வேண்டும். இளகியதும் ஓரத்தை நகத்தால் நெம்பி, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டிக்கரோடு பெயிண்டும் உரிந்து வந்துவிடும்.

பிளேடு கூடவே கூடாது. பிளேடு பட்டால் கீறல் விழும். கீறல் விழுந்தால் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, காயவிட வேண்டும். அதற்கெல்லாம் நாள் இல்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் சவாரி. மேலத்தெரு வீட்டுப் பெண்ணுக்கு மாமியார் ஊரில் வளைகாப்பு. முடிந்ததும் அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

இந்த வேன் போன மாதம்வரை யாரை ஏற்றிக்கொண்டிருந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்தப் பெண் ஏற மாட்டாள். அவள் ஏறாவிட்டால் ஊரில் ஒருவரும் ஏற மாட்டார்கள்.

பக்கத்து ஊர்த் தர்மச் சங்கம் புது வண்டி வாங்கியதும் இதைத் தள்ளிவிட்டது. இன்ஜின் கல் மாதிரி இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டான். பக்கவாட்டில் நீல எழுத்தில், ஆள் நீளத்துக்கு, 'அமரர் ஊர்தி'. போர்வையைக் கட்டி மறைத்துத்தான் வீடு வரைக்கும் ஓட்டி வந்தான்.

ஒரு வழியாக 'அ' வந்தது. மத்தியானத்துக்குள் 'அமரர்' போய்விட்டார்.

அவனுக்கு முதுகு விட்டுப்போனது. 'ஊர்தி'யை அப்படியே விட்டுவிட்டால் என்ன? தப்பான வார்த்தை ஒன்றும் இல்லையே.

அடுத்த சட்டி வெந்நீரோடு வந்த மனைவி சண்முகக்கனியிடம் கேட்டான்.

"நல்லாருக்கு! உசுரோட இருக்கவன் பஸ்ல போவான், வேன்ல போவான். ஊர்தியில எவன் போறான்?"

அதுவும் சரிதான். 'ஊர்தி'யையும் உரித்தான்.

தேங்காய் எண்ணெய் தடவிப் பசையைத் துடைத்தான். ஷாம்பு போட்டுக் கழுவினான். ஈரம் காய்ந்ததும் நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தான்.



எழுத்து அங்கேயே இருந்தது.

எட்டு வருட வெயிலில் வேன் முழுவதும் பழுப்பேறிக் கிடந்தது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய வெள்ளையில் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. அவ்வளவு பக்குவமாக உரித்திருந்தான், பாவம். தூரத்திலிருந்து பார்த்தாலும் சுத்தமாகப் படிக்க முடிந்தது.

சண்முகக்கனி பற்பசையைக் கொண்டுவந்து தேய்த்தாள். எழுத்து இன்னும் வெளுத்தது.

அந்த நேரம் பார்த்துச் செல்லத்தாய் அக்கா வந்தாள். அடுத்த தெருக்காரி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து வருகிறாள், கையில் தூக்குச்சட்டி. போன ஆடியில் மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு யாரிடமும் நின்று பேசுவதில்லை.

இன்றைக்கு நின்றாள்.

அவன் எழுத்தின் முன்னால் போய் நின்றுகொண்டான். முதுகுக்கு இரண்டு பக்கமும் எழுத்து துருத்திக்கொண்டு தெரிந்தது.

பிறகுதான் நினைவு வந்தது. செல்லத்தாய் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சம்பளத்துக்குக் கைநாட்டுதான்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் எழுத்துப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வேனின் பின்பக்கம் போனாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பின்கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

பிடித்தபடியே நின்றாள்.

"இதத்தான்யா பிடிச்சிருந்தேன். விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டாக."

அவன் எழுத்தை மறைப்பதை விட்டுப் பின்பக்கம் வந்தான்.

"ஆசுபத்திரியில இருந்து நேராக் கொண்டாந்தாக. பொம்பளைக சுடுகாட்டுக்கு வரக் கூடாதுன்னு தெருமுக்குல நிப்பாட்டிட்டாக. எம்புள்ளையக் கடைசிவரைக்கும் நான் கொண்டு விடலய்யா."

"அக்கா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போறியா?"

எங்கே என்று அவன் கேட்கவில்லை.

சாயங்காலம் நாலு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. டீக்கடையில் கூட்டம் இருக்கும். மேலத்தெரு ஆட்கள் இருப்பார்கள். அத்தனை பேர் கண் முன்னால், அந்த எழுத்தோடு, சுடுகாட்டுப் பாதையில் வேன் போனால் நாளைய சவாரி கிடையாது. நாளை மறுநாளும் கிடையாது.

அவன் சண்முகக்கனியைப் பார்த்தான். அவள் பற்பசைக் கையோடு அழுதுகொண்டிருந்தாள்.

"சாவிய எடுங்க" என்றாள்.

சீட்டெல்லாம் புதிதாக மாட்டியிருந்தான். செல்லத்தாய் அக்கா சீட்டில் உட்காரவில்லை. கால் வைக்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்துத் தகரத்தின் மேல் வைத்துக்கொண்டாள். சண்முகக்கனியும் ஏறி அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

வேன் தெருவில் இறங்கியது.

டீக்கடையில் இருந்தவர்கள் முதலில் எழுத்தைப் படித்தார்கள். பிறகு உள்ளே இருப்பவர்களைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து, வேனை மறிக்கக் கையை நீட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

தெருமுக்கு வந்தது.

அவன் ஹார்னை அழுத்தினான். வேகத்தைக் குறைக்கவில்லை.