பதினாறு கலர்

இதை எனக்கு முதல்ல சொன்னது காசிமேட்டு பிலோமி அக்காதான். போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிஞ்சு, கோயில் படியில செருப்பு மாட்டும்போது சொன்னாங்க.

டோல்கேட் கம்ப்யூட்டர் சென்டர்ல அக்கா ஒரு ஃபிளாப்பியை நீட்டினாங்க. அதுல மகன் வில்சனோட படம்.

"பொண்ணை நாங்க இன்னும் பாக்கல, கண்ணு. பொண்ணோட தாய்மாமன் மஸ்கட்ல கீறாரு. அவரு படம் பாத்து சரின்னாத்தான் மேல பேச்சாம். வேற கடையில அனுப்பினோம். அவரு கம்ப்யூட்டர்ல தொறக்கலையாம்."

கம்ப்யூட்டர் முன்னால இருந்த பெண் பார்த்தாள். "இது பிசிஎக்ஸ், ஆன்ட்டி. பழைய மாடல் ஃபைல். ஸ்டுடியோக்காரங்க இன்னும் இதுலயே போட்டுக் குடுக்கறாங்க. ஜிஃப் ஃபைலா மாத்திட்டா எங்கயும் தொறக்கும்."

திரையில வில்சன் வந்தான். இடது கன்னம் முழுக்கத் தழும்பு. எண்ணூர்ப் பட்டறையில கொதிக்கிற எண்ணெய் தெறிச்சது. "இந்தப் பக்கம்தான் எடு"ன்னு ஸ்டுடியோவுல பிடிவாதமா உட்கார்ந்தவன். அந்தக் கன்னத்தைப் பார்த்துட்டு ஏற்கெனவே ரெண்டு வீட்டுல வேணாம்னுட்டாங்க.

பெண் எதையோ தட்டினாள். படம் மாறியது.

"ஐயையோ, பதினாறு கலர்னு போட்டுட்டேன். நெறமெல்லாம் ஒண்ணாப் பூடுச்சு. இருங்க, இருநூத்தம்பத்தாறு கலர் வச்சு மறுபடி மாத்தறேன்."

அக்கா குனிஞ்சு பார்த்தாங்க. கன்னம் பூரா ஒரே மாநிறம். தழும்பைக் காணோம்.

"இதுவே இருக்கட்டும், கண்ணு."

"தழும்பு காணாப் பூட்சே ஆன்ட்டி!"

"அதான் சொல்றேன். இதையே அனுப்பு."

பெண் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அக்கா நீட்டின சீட்டுல இருந்த மஸ்கட் ஈமெயில் விலாசத்தைப் பார்த்தாள். முகம் மாறிப்போச்சு.

"சரி, அனுப்பறேன்." திரைப் பக்கம் திரும்பிட்டாள்.

அன்னிக்கு ராத்திரி அக்காவுக்கு ஜெபமாலை ஓடலை. மணியை உருட்டினா அந்தப் பெண்ணோட பார்வைதான் வருது. நாலாம் நாள், "மாமனுக்குச் சம்மதம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எர்ணாவூர் வாங்க"ன்னு சேதி வந்தப்ப, சந்தோஷப்படறதுக்குப் பதிலா, நேர்ல தழும்பைப் பார்த்தா என்ன சொல்வாங்களோன்னு அக்காவுக்குக் கவலைதான் வந்துச்சு.

வில்சனுக்கு ஒண்ணும் தெரியாது. பஸ்ஸுல ஜன்னலோரமா உட்கார்ந்து, அந்தக் கன்னத்துல காத்து வாங்கிக்கிட்டே வந்தான்.

எர்ணாவூர் வீட்டுல டீத் தட்டோட பெண் சாரா வந்தாள். அக்காவுக்குப் பாதி உசிர் போயிடுச்சு. அதே டோல்கேட் பெண்!

"இன்னாம்மா, இப்பிடி வேர்த்துக் கொட்டுது?" பெண்ணோட அப்பா ஜேக்கப் கேட்டார். "சாரா, ஃபேனைக் கூட்டி வையி."

அக்காவால உட்கார முடியலை. எழுந்துட்டாங்க.

"அண்ணே, ஒரு தப்பு பண்ணிட்டேன். படத்துல என் புள்ள தழும்பை மறைச்சு அனுப்பினேன். அவனுக்குத் தெரியாது. வேணாம்னா சொல்லிடுங்க, இப்பிடியே போயிடறோம்."

வில்சன் திகைச்சுப்போய் அம்மாவைப் பார்த்தான்.

"எங்கம்மா மறைச்சீங்க?" ஜேக்கப்புக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "தழும்பு பளிச்சுனு தெரிஞ்சுதே! மச்சான் ஃபோன்ல சொன்னதே அதைத்தான். 'எதையும் மறைக்காத குடும்பம், நம்பிக் குடுக்கலாம் மாமா'ன்னான்."

அக்கா அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. டீக் கப்பைக் குடுக்கற மாதிரி சாரா குனிஞ்சு, அக்காவுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாள்:

"அந்தப் பதினாறு கலர் படத்தை நான் அனுப்பவே இல்ல, அத்தே. அதுல இருந்தவரை எனக்குப் புடிக்கல."

ஈஸ்டர் கழிஞ்ச புதன்கிழமை கல்யாணம். படுக்கப் போறதுக்கு முன்னால, அந்தப் பிள்ளைங்களுக்காக நீங்களும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிடுங்க.