மூன்றாம் பாகத்துப் பூதம்

"என்னங்க, இந்தப் பூதம் இன்னிக்குள்ள மலை ஏறி முடிக்குமா?" என்று சண்முகவடிவு கணவனின் காதருகே குனிந்து கேட்டாள்.

சிவசாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாரு வடிவு," என்றான்.

பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்! கால் மணி நேரமாக அதே மலை, அதே பூதம். முதல் இரண்டு பாகங்களையும் அவள் டிவியில் நாலைந்து தடவை பார்த்தவள். அதிலெல்லாம் இந்தக் கருங்கல் பூதம் மலைக்கு மலை தாவும். கோட்டையை வேரோடு பிடுங்கிக் கடலில் எறியும். மூன்றாம் பாகம் எப்போது வரும், எப்போது வரும் என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லோரையும் குடைந்தெடுத்ததும் அவள்தான். கடைசியில் வந்து சேர்ந்த லட்சணம் இது. பூதத்துக்குச் சக்தியெல்லாம் போய்விட்டதாம். ராஜாவின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தேதான் மலையேற வேண்டுமாம். பத்து எட்டு வைக்கும், நிற்கும். இடது கையை முழங்காலில் ஊன்றி, இன்னும் எவ்வளவு தூரம் என்று அண்ணாந்து பார்க்கும். முதுகிலிருப்பதை ஒரு எக்கு எக்கி மேலே தள்ளிக்கொண்டு மறுபடி நடக்கும்.

முன்வரிசையில் யாரோ, "அண்ணே, பஸ் புடிச்சுப் போங்க," என்று பூதத்துக்கு யோசனை சொல்ல, ஹட்டன் தியேட்டரே சிரித்தது. வடிவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பிப் பார்த்தால், சிவசாமியின் முகம் சுண்டிப் போயிருந்தது.

அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறிய பிறகும் அவள் வாய் ஓயவில்லை. சண்டை எங்கே, தாவல் எங்கே, அந்த நடையை வெட்டி எறிந்திருந்தால் படம் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினான். தலவாக்கலை தாண்டியதும் அந்த 'ம்' கூட நின்று போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் எந்தப் படத்துக்கும் அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவனே வாயைத் திறந்து, "ஞாயித்துக்கிழமை படத்துக்குப் போவோமா?" என்று கேட்டான். காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு அவளுக்கு முன்னால் போய் நின்றான். போன வருடம் இந்தப் படத்தை இங்கே மலையில் எடுத்தபோது, பத்து நாள் பெட்டி தூக்கப் போனவன் அவன். நம் மலையைத் திரையில் காட்டிப் பெருமைப்படத்தான் கூட்டி வந்திருப்பான். ஆசையாய் அழைத்து வந்தவன் மனசைத் தன் வாயாலேயே நோகடித்துவிட்டோமே என்று அவளுக்கு அடித்துக்கொண்டது. வீடு போய்ச் சேருவதற்குள் எப்படியாவது அவனைச் சிரிக்க வைத்துவிட வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் லயம் வரை ஏற்றம்தான். ஹட்டனில் வாங்கிய அரிசியும் மாவும் இருந்த மூட்டையை அவன் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது செய்வதைப் போலக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நாள் முழுக்க மூட்டை இறக்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையுமா சுமை?

முதல் வளைவில் நின்றாள். முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டே, "கோவமாங்க?" என்றாள்.

"இல்லையே."

"மலையெல்லாம் ரொம்ப அழகாத்தான் எடுத்திருக்காங்க. நம்ம மலைதான்னு பக்கத்து சீட்டு அக்காகிட்ட கூடச் சொன்னேன்."

"அந்த நடை?" என்று கேட்டான் சிவசாமி.

வடிவுக்குப் பொய் சொல்ல வராது. "அது மட்டும் சகிக்கலைங்க. யாருங்க அப்படி நடப்பாங்க? பார்க்கிற நமக்கே மூச்சு வாங்குது."

"நடக்கிறவங்க இருக்காங்க," என்றான் அவன் மெதுவாக.

மூட்டையை எக்கித் தள்ளிக்கொண்டு அவள் ஏறினாள். அவன் பின்னாலேயே வந்தான். லயத்துக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கி வைத்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"நீங்களா படம் எடுத்தீங்க? எவனோ ஒருத்தன் ஆடி அசைஞ்சு நடந்ததுக்கு நீங்க எதுக்கு மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வர்றீங்க? ஒங்க மொகம் வாடினா எனக்குச் சோறு எறங்காதுங்க."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிவசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான்.

கழுத்துக்குக் கீழே கருங்கல் உடம்பு. அதன் கை இடுக்கில் பூதத்தின் தலை. கழுத்துக்கு மேலே, வியர்வையில் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தது சிவசாமி.

"படம் வெளியாகுற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க, வடிவு," என்றான் அவன். "பாரமும் தெரியணும், விட்டுட மாட்டேங்கிறதும் தெரியணும்னு டைரக்டர் சொன்னாரு. இந்தியாவுல இருந்து வந்த மூணு பேரு நடந்து காட்டியும் அவருக்குச் சரி வரல. எனக்கு நடிக்கல்லாம் தெரியாது. தெனமும் மடுவத்துல நின்னு நீ கொழுந்தோட ஏறி வர்றதைப் பார்க்கிறேன்ல, அதை அப்படியே நடந்தேன்."