ஐரோப்பா போன சட்டை

கப்பலில் ஐரோப்பா முழுக்கச் சுற்றியவர் என்று தெருவே சொன்னதால், ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் நடத்திய கிளாடிஸ் டீச்சர், அங்கே படிக்கும் ஸ்டெபியின் அப்பா ரெமிஜியுஸை வகுப்புக்கே அழைத்துவிட்டார்.

ரெமிஜியுஸ் மீசையைத் தடவிக்கொண்டார். “பாரிஸ்ல பாஸ்டில் ஜெயில் இருக்குல்லா, அதுக்குள்ளயே போயிருக்கேன். அப்படி ஒரு இருட்டு!”

“அதை ஜனங்க புரட்சியப்பவே இடிச்சுட்டாங்களே அண்ணாச்சி. இருநூறு வருஷத்துக்கு மேலாச்சு,” என்றார் டீச்சர்.

வகுப்பே சிரித்தது. தெருவில் செல்லுபடியான பேச்சு பள்ளிக்கூடத்தில் செல்லாது என்று ரெமிஜியுஸ் யோசித்திருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகளிடம் கெஞ்சினார். “ஏளா, அம்மாட்ட மட்டும் சொல்லிராத. கல்யாணம் பேசுன நாள்லயிருந்து நான் ஐரோப்பாக் கப்பல்ல போறதாத்தான் நம்பிட்டிருக்கா.”

“அம்மாவா? நீங்க தோணியில மாலத்தீவுக்கு வெங்காயம் கொண்டு போறீயன்னு எனக்குச் சொன்னதே அம்மாதான்.”

“அவளுக்கு எப்படித் தெரியும்?”

“ஒங்க சட்டையெல்லாம் துவைக்கிறது யாருப்பா?”

ரெமிஜியுஸ் மெல்லக் காலரை முகர்ந்து பார்த்தார். துவைத்து இஸ்திரி போட்டும் வெங்காய வாடை போகவில்லை.