முப்பத்திரண்டு கிலோ

"இன்னிக்கு நான் சொல்லத்தான் போறேன்," என்றாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி.

"என்ன சொல்லப் போற?"

"எழுந்து நிக்க முடியாத மனுஷன்கிட்ட வாராவாரம் போய்க் கடலைப் பத்திப் பேசாதீங்கன்னு."

அவர் வண்டியை பஸ் டிரைவரின் வீட்டுத் தெருவுக்குள் திருப்பினார்.

அவருக்கும் அந்த டிரைவருக்கும் இருபது வருஷச் சிநேகிதம். மருந்துக்கடைக்காரர் பாய் கட்டிய பலகையில் அலைமேல் போவார். டிரைவருக்குப் பட்டம். வானத்தில் அது இழுக்க, கீழே பலகையில் நின்றபடி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறப்பார். லீவு விட்டால் இரண்டு பேரையும் கரையில் பார்க்க முடியாது.

வெளிநாட்டில் எங்கேயோ ஓர் உப்பங்கழியாம். இடுப்பளவுத் தண்ணீர், பகல் முழுக்க ஒரே சீரான காற்று. வாடகைச் சாமானைத் தொடக்கூடாது, சொந்தப் பலகையோடு போய் இறங்கணும் என்று ஆறு வருஷமாகப் பேசிப் பேசி, ஒருவழியாக டிக்கெட் எடுத்தார்கள்.

மறு மாதமே டிரைவர் டிப்போவில், பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழிக்குள் தவறி விழுந்தார். முதுகெலும்பில் அடி. இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "இன்னும் நாலு மாசம் இருக்கே," என்றார். அப்புறம் "ரெண்டு மாசம் இருக்கே," என்றார். இப்போது மூன்று வாரம்தான் இருக்கிறது.

டிரைவர் வீட்டுக் கூடத்தில், வாசற்படியிலிருந்து சமையலறை வரைக்கும் நீளப் பை படுத்திருந்தது. உப்பங்கழிக்குப் போகிற சின்ன விமானத்தில் அப்படிப்பட்ட பை ஒன்றுதான் ஏற்றுவார்களாம். முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல் ஒரு பொட்டுகூடக் கூடாதாம். இரண்டு பேர் சாமானும் அதற்குள் அடங்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் தன் பலகையின் பாயைத் தரையில் விரித்தார். மின்விசிறிக் காற்றில் அது லேசாக மேலெழும்பி, மூச்சு விடுகிற மாதிரி தாழ்ந்தது. ஜன்னல் வெயில் பாயின் நீலத்தில் பட்டு, சுவரெல்லாம் நீலம்.

டிரைவர் சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப அங்க காத்து எழும்பியிருக்கும்டா."

"இடது பக்கத்துலேர்ந்தா?"

"இடதுதான். முதல்ல புறங்கழுத்துல படும். தண்ணி இன்னும் அசையாது. நீ பாயைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கற. அவசரமே இல்ல. அதுவா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போகும்."

சண்டை போட வந்தவளுக்கே ஒரு நிமிஷம் கால் தரையில் படாத மாதிரி இருந்தது. சட்டென்று சுதாரித்துக்கொண்டாள். இப்படிப் பேசவைத்தே இந்த மனுஷனை வதைக்கிறாரே என்று கணவர்மேல் கோபம் பொங்கியது.

பாயைச் சுருட்டி உள்ளே வைத்து, கொக்கித் தராசை மாட்டித் தூக்கினார் மருந்துக்கடைக்காரர்.

"முப்பத்து மூணரை."

"என் இடுப்புப் பட்டையை எடுத்துடு," என்றார் டிரைவர்.

"அது இல்லாம நீ எப்படிடா பட்டத்தைப் பிடிப்ப?"

"பழசுடா. வாரெல்லாம் இத்துப்போச்சு. அங்க போய்ப் பாத்துக்கலாம்."

மருந்துக்கடைக்காரர் அரைமனதாகப் பட்டையை வெளியே எடுத்தார். மறுபடி தூக்கினார். தராசு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

"பேட்டரி போச்சு. முனைக்கடையில வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் தெருவில் இறங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"எதுக்கும்மா?"

"உங்க முன்னாலேயே வந்து கடை பரப்பறாரே. உங்களுக்கு எப்படி இருக்கும்னு கொஞ்சமாவது யோசிக்கறாரா? கல்நெஞ்சு."

டிரைவர் சிரித்தார். "அந்த ஜிப்பைத் திறந்து பாரும்மா."

திறந்தாள். பலகை, இரண்டாகக் கழற்றிய பாய்மரக் கம்பம், சுருட்டிய பாய், பாயைப் பிடிக்கிற கைப்பிடி வளைவு, தண்ணீர்ச் சட்டை. எதை எடுத்தாலும் ஓரத்தில் சிவப்பு நூல். ஊர் விட்டு ஊர் போகிற சாமான் மாறிவிடக்கூடாதே என்று தன் கணவருடைய பொருள்களில் அவளே தைத்தும் கட்டியும் வைத்த அடையாளம்.

அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். நூல் இல்லாத பொருள் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

"உங்க பட்டம் எங்க அண்ணா?"

"பெரிசு, பை கட்ட ஆரம்பிச்ச முதல் வாரமே வெளியே வந்துடுச்சு. அங்க அடிக்கிற காத்துக்குச் சின்னது போதும்னேன்."

"அந்தச் சின்னது?"

"போன வாரம். அதுக்கு முந்தின வாரம் பலகை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொன்னேன். காலியான இடத்துல அவன் சாமான் ஏறுச்சு. அவனும் நம்பிட்டான். நம்பறதுதான் அவனுக்குச் சௌகரியம்."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அப்படின்னா, நீங்க போகப்போறதில்லைன்னு உங்களுக்கு..."

"டாக்டர் எங்கிட்டத்தான்மா முதல்ல சொன்னார்."

"அதை அவர்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே அண்ணா."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் குனிந்து, தன் இடுப்புப் பட்டையை எடுத்து நாற்காலிக்குப் பின்னால் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் ஒரேயடியா இறங்கினா அவனும் கூடவே இறங்கிடுவான்மா. அதான் வாரத்துக்குக் கொஞ்சமா இறங்கிக்கிட்டிருக்கேன்."