ராஜம்மா கொண்டுபோன டின்

“கேட்டுல சோதிச்சா என்னம்மா சொல்றது?”

“நான் கேட்டேன்னு சொல்லுங்க அக்கா. உங்க மக ஏன் இப்படி வெளுத்துப்போறான்னு கண்டுபிடிக்கணும்ல?”

டாக்டர் திரேசாவோடு நேற்றுப் பேசியதை நினைத்தபடி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, இலையில் சுற்றிய டின்னோடு மலாயாவின் நியாலாஸ் ரப்பர் தோட்டத்துக் கேட்டுக்கு வந்தாள் ராஜம்மா.

“அரிசியா? காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கா? கம்பி எண்ணணும்லா,” என்றார் கேட்டில் சோதனை செய்துகொண்டிருந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி பிச்சைமுத்து. பக்கத்தில் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை நின்றிருந்தார்.

“திறக்காதீங்கய்யா.”

கிராணி திறந்தார். மறுகணம் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“எம்மக வெளிக்குப் போனதுங்க. டாக்டரம்மா கேட்டாங்க, ரத்தம் உறிஞ்சுற கொக்கிப்புழு ஆராய்ச்சிக்கு. எங்க லயத்து வீடுகள்லயே முதல்ல குடுக்கிறது நாங்கதான்.”

பெருமையாகச் சொன்னவள், பல வருடங்களாக மனசில் வைத்திருந்ததைத் துரையிடமே கேட்டாள்:

“வெறுங்காலோட புதருக்குப் போறதுலதான் புழு ஏறுதாம். எங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுங்க, தொரை.”