காட்டிக்கொடுக்கிற வேலை

'ஐயோ, ஆப்ரி மாமா!'

வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் யூனிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பிவிடலாம் என்றால் எந்தச் சினிமாக் கொட்டகை என்று சொல்லாமலே கூட்டிவந்த டெரிக் கையை விட்டால்தானே!

"வா யூனி, சனிக்கிழமை மேட்னி. நல்ல இடமெல்லாம் போயிடும்."

ஐம்பத்தெட்டாம் வருஷம் கேப் டவுனில் ஆப்ரியைத் தெரியாத கலப்பின ஜனம் கிடையாது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான அந்த பயாஸ்கோப் கொட்டகையில் அவனை வேலைக்கு வைத்ததே இதற்குத்தான். அவர்களில் கொஞ்சம் வெளுப்பாகப் பிறந்த பெண்கள் வெள்ளைக்காரி என்று சொல்லி உள்ளே வந்தால் மானேஜருக்கு அடையாளம் தெரியாது. ஆப்ரிக்குத் தெரியும். பிடித்து வெளியே தள்ளுவான். அவன் தெருவில் நடந்தால் பெண்கள் காறித் துப்புவார்கள். துப்பாமல் மாலையா போடுவார்கள்?

யூனிஸ் மூன்று வருஷமாக வெள்ளைக்காரி. வெள்ளைக்காரக் கடையில் வேலை, வெள்ளைக்காரர் பகுதியில் ரூம், வெள்ளைக்கார டெரிக் போட்ட நிச்சய மோதிரம். மாட்டினால் எல்லாம் போச்சு. ஜெயிலும் உண்டு.

நல்லவேளை, கூட்டம். ஆப்ரி குனிந்த தலை நிமிராமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

உள்ளே வெல்வெட் சீட், சிவப்புத் திரை. ஒருத்தர் இருமவில்லை. அவளுக்குத் தன் தெரு பயாஸ்கோப்தான் ஞாபகம் வந்தது. மர பெஞ்ச், காலடியில் கடலைத் தொலி, "டேய், பின்னாடி பாருடா!" என்று ஹீரோவுக்கு எச்சரிக்கை கொடுக்கிற கூட்டம். அம்மாவோடு போனது. அந்தச் சத்தத்துக்கு மனசு ஏங்கியது.

இடைவேளையில் விளக்கெல்லாம் எரிந்தது. மானேஜர் கதவைச் சாத்தினார்.

"போன் வந்திருக்கு. உள்ள ஒருத்தி வெள்ளைக்காரி இல்லையாம். ஆப்ரி, ஆளைப் பிடி."

ஆப்ரி வரிசை வரிசையாக முகம் பார்த்துக்கொண்டு வந்தான். யூனிஸ் முன்னால் நின்றான். அவள் அம்மாவை உரித்து வைத்த முகம். அந்த அம்மா வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவனுடையது.

'செத்தேன்' என்று கண்ணை மூடிக்கொண்டாள் யூனிஸ்.

"என்ன ஆப்ரி, அங்கயே நின்னுட்ட?"

"இங்க இல்லீங்க ஐயா. அதோ, முன் வரிசையில அந்தக் கறுப்பு முடி அம்மா."

அந்த அம்மா மாஜிஸ்ட்ரேட் மனைவி. அசல் வெள்ளைக்காரி. அவள் விட்ட அறை ஹால் முழுக்கக் கேட்டது.

"பதினாலு வருஷமா ஒரு தப்பு பண்ணல. இன்னிக்கு என்னடா கேடு உனக்கு?" மானேஜர் நடுங்கிப்போனார்.

"கண்ணு மங்கிப்போச்சுங்க ஐயா."

"தொப்பியைக் கழட்டு. போலீஸ் வரும், வெளிய நில்லு."

ஆப்ரி தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். இவள் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த மனுஷனையா இத்தனை நாள் திட்டினோம்! யூனிஸுக்கு ஓடிப்போய் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மானேஜர் அவளிடம் வந்தார்.

"மிஸ், அவன் உங்க முன்னாடி ஏன் அவ்வளவு நேரம் நின்னான்?"

டெரிக்கின் கை மெதுவாக விலகியது. அவள் முகத்தை முதல்முறை பார்க்கிறவன் மாதிரிப் பார்த்தான்.

உதவிக்கு யாராவது கிடைப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தாள் யூனிஸ். பின்னால், மூலையில், பச்சை கவுனில் மேவிஸ்! பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். இவளை மாதிரியே அவளும் இப்போது வெள்ளைக்காரி போலிருக்கிறது. 'பயப்படாதே, நான் வாயைத் திறக்க மாட்டேன்' என்று கண்ணாலேயே சொன்னாள் மேவிஸ்.

யூனிஸ் எழுந்து கையை நீட்டினாள்.

"அவன் என்னைப் பார்க்கல சார். பின்னாடி அந்தப் பச்சை கவுனைத்தான் பார்த்தான். எழுப்பி விசாரிங்க. பார்த்தாலே தெரியலையா, அது வெள்ளைக்காரி இல்லைன்னு!"