சத்தக்கார ஆயா

"உன் ரூம்ல மட்டும் ஏன் எந்நேரமும் ஒப்பாரி?"

குழந்தைகள் காப்பக மேற்பார்வையாளர் கேட்டதும் ஆயா தலையைக் குனிந்துகொண்டாள். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. தொட்டில்களில் இன்னும் ஆறு, ஆளுக்கொரு சுருதியில்.

"நாளைக்கு டாக்டரம்மா பார்வையிட வர்றாங்க. மானத்தை வாங்கிடாதே."

"பார்த்துக்கறேன் சார்."

அங்கே அவளுக்குப் பேரே சத்தக்கார ஆயாதான். மற்ற ஆயாக்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடும்போது, இவள் மட்டும் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாள்.

"தூக்கித் தூக்கிக் கெடுக்கிறா. இவ லீவு போட்டா நம்ம தலையிலதான விடியும்?" அவள் காதுபடவே பேசுவார்கள்.

வீட்டிலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

மறுநாள் டாக்டரம்மா மேற்பார்வையாளருடன் முதலில் பக்கத்து அறைக்குப் போனார். சுவருக்கு இந்தப் பக்கம் ஆயாவுக்கு எல்லாம் கேட்டது.

"இருபது குழந்தைங்க, ஒரு சத்தம் இல்லையே!"

"எல்லாம் பழக்கம்தான் மேடம். மணியடிச்சா பால், மணியடிச்சா தூக்கம்."

டாக்டரம்மா கைதட்டிக் கொஞ்சுவதும் கேட்டது. பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு இந்தக் கதவு திறந்தது. புது முகத்தைப் பார்த்ததும் எட்டும் வீறிட்டன. இடுப்பிலிருந்தது அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டு முகத்தைப் புதைத்தது.

"சொன்னேனே மேடம்! இவளை அடுத்த வாரமே துணி துவைக்கிற பக்கம் மாத்திடறேன்."

ஆயாவுக்குப் பகீரென்றது. வேலை கடினம் என்பதற்காக இல்லை. அங்கே அவளைத் தேட யார் இருக்கிறார்கள்?

"எத்தனை மாசமா இவங்களைப் பார்த்துக்கறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"எட்டு மாசமா அம்மா."

"நீங்க வந்தப்பவே இப்படித்தான் அழுவாங்களா?"

"இல்லம்மா. அந்த ரூம் மாதிரிதான் இருந்தாங்க. பொட்டுச் சத்தம் இருக்காது."

"பாருங்க மேடம், அவளே ஒத்துக்கிட்டா!"

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"பெருசா ஒண்ணும் பண்ணலம்மா. அழாட்டியும் போய்த் தூக்குவேன், பேசுவேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணு லேசா சிணுங்குச்சு. ஓடிப்போய்த் தூக்கினேன். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா..."

தப்பு செய்தவள் போல நிறுத்திக்கொண்டாள்.

"இவங்க இந்த ரூம்லயே இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இந்தச் சத்தம் மேடம்?"

"இது இருக்கட்டும். பக்கத்து ரூம்ல ஏன் சத்தமே இல்லைன்னு யோசிச்சீங்களா?"

மேற்பார்வையாளர் ஆயாவைப் பார்த்தார்.

ஆயா தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அதுங்களும் அழுது பார்த்துச்சுங்க சார். யாரும் வரலை. விட்டுடுச்சுங்க."